ஏழு நாள் என்பதை ஒரு நாள் என்று படிக்கவும்

அந்தத் திருத்தத் தாள் என் கைக்கு வந்தது 1984 ஆனி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அது அச்சானது 1981 கார்த்திகைவாக்கில். தாளின் அடியில் பொடி எழுத்தில் மாதமும் வருஷமும் போட்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் தேதியைத் தேடுவது என் பழக்கம்.

நாங்கள் நான்கு பேர். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் ஒரு கோழிப்பண்ணை. அதன் முட்டை அறைக்குப் பக்கத்தில் தீவனம் அடுக்கும் கொட்டகை. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே கூடி, பொழுது சாய்வதற்குள் கலைவோம். பண்ணைக்காரர் மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டோடு இருந்தான். அவனுடைய பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொடுத்த பெட்டியில்தான் அந்த விளையாட்டு இருந்தது. காயும் கட்டமும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். ‘இருட்டுக் குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது’ என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, உள்ளே போகிறேன், ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டும். போனவன் பிழைத்தானா செத்தானா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு கட்டையை உருட்டி, புத்தகத்தில் உள்ள விதியைப் பார்த்து முடிவு செய்வோம். சாகாத வரை அதே ஆளாக வருஷக்கணக்கில் ஆடலாம். செத்தால் அந்த ஆள் சேர்த்த பேர், பலம், சொத்து எல்லாம் போய்விடும். ஒன்றுமில்லாத புது ஆளாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

கதை நடத்தியது பண்ணைக்காரர் மகன். அவனைக் கண்டக்டர் என்போம். அவனுடைய அத்தை மகன், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளை, ஆட்டத்தில் கோடரிக்காரன். நான் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர், ஆட்டத்தில் மந்திரவாதி. நான்காவது ஆள் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பண்ணையின் முட்டை வேனுக்குப் பேர் எழுத வந்தவன் பெட்டியின் மேல் இருந்த பறக்கும் பாம்பின் படத்தைப் பார்த்துவிட்டு, “ரெக்கை எலும்பைத் தப்பாப் போட்டிருக்காங்க சாமி. இப்படி இருந்தா பறக்காதுங்க” என்றான். கண்டக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கே உட்காரச் சொன்னான்.

உட்கார என்றால் எங்களுக்கு மூன்று நாற்காலி, அவனுக்குத் தீவன மூட்டை. டீ வந்தால் எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவனுக்குக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய அலுமினிய டம்ளர். அவனே எடுத்து நீட்டுவான், குடித்துவிட்டு அவனே கழுவி மாட்டுவான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அவன் ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். லாரியின் நெற்றியில் எழுதியே கற்ற ஆங்கிலம். ஆனால் ஒருமுறை வாசித்துக் காட்டிய விதி அவனுக்கு மறக்காது. ஆட்டத்தில் அவன் ஒரு வாள்வீரன். முன்யோசனையும் துணிச்சலும் அவனுக்கு எங்கள் மூவரையும்விட அதிகம். 1982 மாசியில் சிலந்திக் கிணற்றுக்குள் எங்களுக்காக முதலில் இறங்கினான். கட்டை கவிழ்த்தது. விஷம் ஏறிச் செத்தான்.

செத்தவனை மீட்க ஒரு வழி புத்தகத்தில் இருந்தது. இறந்த ஏழு நாளுக்குள் உடலைக் கோயில் பூசாரியிடம் கொண்டுசேர்த்தால் அவர் தீர்த்தம் கொடுத்து எழுப்பலாம். கோயில் மலைக்கு அந்தப் பக்கம். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளை வைத்து பெயிண்டர் வரைந்த மலை அது. உடலைச் சுமந்துகொண்டு மூன்று நாள் நடந்தது என் மந்திரவாதிதான். மூன்றாம் நாள் சாயங்காலம் வீரன் எழுந்தான். தீவன மூட்டையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டான்.

ஒவ்வொரு வாரமும் நடந்ததை நான் நோட்டில் எழுதினேன். என்ன தேதி, யார் வந்தார்கள், கதையில் எத்தனையாவது நாள், கட்டை என்ன காட்டியது, எல்லாம். பிழைத்து வந்தவன் அந்த வருஷம் ஆடியில் மலைத்திருப்பத்தில் இருந்த கோட்டையைப் பிடித்தான். விதிப்படி கோட்டை அவனுக்கு. அவன் அரசன், நாங்கள் அவன் படை. கண்டக்டர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்கினால் ஆட்டத்தில் இருக்கிற ஆள் மாதிரியேதான் பேச வேண்டும்.

ஆகவே இரண்டு வருஷம், ஞாயிறு மத்தியானங்களில், ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை பெயிண்டரைப் பார்த்து, “உத்தரவுங்க அரசே, கெழக்கு வாசலை நான் காத்துக்கறனுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது. அரசன் விருந்து வைக்கும்போது முதல் கிண்ணம் அரசனுக்கு. அதைக் கண்டக்டர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே டீ வரும். அரசன் எழுந்து போய் ஆணியிலிருந்து தன் டம்ளரை எடுத்து வருவான்.

என் மந்திரவாதிக்குக் கோட்டையில் ஒரு கோபுரம் வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன். “பார்க்கலாம். முதல்ல மதில் முடியட்டும்” என்றான் அரசன். நியாயமான பதில். ஆனால் தாசில்தார் என்னிடம் சொல்லும் ‘பார்க்கலாம்’ அப்படியே அதில் இருந்தது. ஆட்டத்துக்காகக் குரலை மாற்றிச் சொன்னானா, இல்லை அவன் குரலே அப்படி மாறிவிட்டதா என்று அன்றைக்கு வீட்டுக்கு சைக்கிளில் போகும்போது யோசித்தேன். மூன்று முறை கேட்ட மூன்று தேதிகளும் நோட்டில் இருக்கின்றன.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தாள் வந்தது. கண்டக்டரின் அந்த அமெரிக்க அண்ணன் வேறு சில பழைய காகிதங்களோடு அனுப்பியிருந்தான். விளையாட்டை வெளியிட்ட கம்பெனி, புத்தகத்தில் விழுந்த பிழைகளையும் வாசகர்களின் சந்தேகங்களுக்கு விளக்கங்களையும் நான்கு பக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டதாம்.

“ஏப்பா ரிக்கார்டு, இது உன்ற வேலை” என்று கண்டக்டர் என்னிடம் தூக்கிப் போட்டான்.

என் வேலைதான். ஆபீசில் விதித் தொகுப்புகளுக்குத் திருத்தச் சீட்டுகள் வரும். கத்தரித்து, பழைய வரியின் மேல் பசை தடவி ஒட்டி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். இதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே செய்தேன். பெரும்பாலும் அற்பத் திருத்தங்கள். குதிரை சுமக்கும் எடை, தீப்பந்தம் எரியும் நேரம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மீட்பு பற்றிய பத்தியில் ‘ஏழு நாள்’ என்பதை ‘ஒரு நாள்’ என்று திருத்திப் படிக்கவும்.

ஒட்டினேன். சுருக்கொப்பம் போட்டேன். பிறகு நோட்டை எடுத்தேன்.

வீரன் செத்தது 1982 மாசி. தாள் அச்சானது அதற்கு மூன்று மாதம் முன்பு. அவன் சாகும்போது விதி ஏற்கெனவே ஒரு நாள்தான். எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உத்தரவு வெளியான நாளிலிருந்து அமலில் இருக்கும். கைக்கு எப்போது கிடைத்தது என்பது கணக்கில் வராது என்பதே நான் ஆபீசில் கற்றது. மூன்று வருஷம் எழுத்தராக உட்கார்ந்திருந்த ஒருவர், முன்தேதியிட்ட ஓர் உத்தரவால், என்றைக்குமே எழுத்தர் ஆகவில்லை என்று ஆனார். மறுநாள் அதே அறையில் மணி அடித்ததும் பழையபடி பியூனாக எழுந்து ஓடிவந்தார். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தது நான். ஒரு பிழை விழவில்லை என்று பாராட்டினார்கள்.

இதை இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் உடல் எத்தனை நாள் மலையில் கிடந்தது என்பது எங்கள் நால்வரில் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. நோட்டு ஒன்றுதான் சாட்சி, நோட்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அரசன் அரசனாகவே இருந்திருப்பான்.

அடுத்த ஞாயிறு பெயிண்டர் கோட்டையின் முழு வரைபடத்தோடு வந்தான். தீவனச் சாக்குக் காகிதத்தின் உள்பக்கத்தில், லாரிக்கு அடிக்கும் பெயிண்டால் வரைந்தது. மதில் முடிந்திருந்தது. வடமேற்கு மூலையில் புதிதாக ஒரு கோபுரம்.

“மந்திரவாதிக்குங்க” என்றான் என்னிடம், சிரித்துக்கொண்டே.

நான் அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன். பார்த்த பிறகும் நோட்டைத் திறந்து வாசித்தேன். செத்த நாள், மீண்ட நாள், கதைக் கணக்கில் இடையே மூன்று நாள், திருத்தம் அச்சான மாதம்.

முதலில் சிரித்தது அத்தை மகன். “அப்ப செத்துப்போனவனா மச்சா இத்தன நாளா உத்தரவு போட்டான்? ரெண்டு வருசமா பொணத்துக்குக் கும்புடு போட்டிருக்கறேன்டா நானு!”

கண்டக்டருக்கும் சிரிப்பு வந்தது. “நாத்தமடிக்கலியாடா?”

“கோழித் தீவன நாத்தத்துல எங்க தெரியுது?”

பெயிண்டரும் சிரிக்கப் பார்த்தான். “அது வந்துங்க சாமி, அன்னைக்குப் புஸ்தகத்துல ஏழுன்னுதானுங்களே இருந்துச்சு? நாம ஏழைப் பாத்துத்தானுங்களே போனோம்?”

“புஸ்தகம் தப்பு. திருத்தம் வந்திருக்குதல்ல?” என்றான் கண்டக்டர்.

“இப்பத்தானுங்க வந்திருக்குது.”

“அச்சான தேதி முன்னாடி” என்றேன் நான். “வெளியான தேதியிலிருந்துதான் செல்லும். இதில் எனக்கும் உனக்கும் ஒன்றும் இல்லை.”

அவன் என்னையே பார்த்தான். “தூக்கிட்டுப் போனதே நீங்கதானுங்களே” என்றான்.

விதிப்படி அதற்குப் பதில் தேவையில்லை.

கோட்டை அடுத்த மூத்த வீரனுக்குப் போக வேண்டும் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னான். அத்தை மகன் அரசன் ஆனான். கோபுரம் அன்றைக்கே எனக்கு வழங்கப்பட்டது. வரைபடத்தைக் கண்டக்டர் ஆணி அடித்துச் சுவரில் மாட்டினான். பெயிண்டர் புது ஆள் எடுக்க வேண்டும்.

“குதிரைக் கொட்டாய்க்கு ஓராளு வேணும்” என்றான் புது அரசன். “பந்தம் புடிச்சுட்டு முன்னால போறக்கும் ஆளில்லை. ரெண்டையும் ஒருத்தனே பாத்துக்கட்டும். என்னடா, சரியா?”

பெயிண்டர் கொஞ்ச நேரம் கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆபீசருங்க, அந்தக் கம்பெனிக்கு நீங்களே ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க. பழசுக்கும் சேத்துத்தான் திருத்தமா, இல்ல இனிமேலுக்கானு. அவங்க பழசுக்கும் சேத்துன்னு சொல்லிட்டாங்கன்னா நான் ஒத்துக்கறனுங்க. அதுவரைக்கும் பந்தம் புடிக்கறேன்” என்றான்.

கடிதம் எழுதினேன். அதில் குறை வைக்கவில்லை. நடந்ததைத் தேதி வாரியாக, ஒரு பக்கத்தில், தட்டச்சு செய்து, பதில் தபால் செலவுக்கான சர்வதேசக் கூப்பனும் வைத்து, என் ஆபீஸ் விலாசம் கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஐந்து மாதமும் அவன் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு முதல் கேள்வி, “பதில் வந்துச்சுங்களா?” இல்லை என்பேன். “கப்பல்ல போயி கப்பல்ல வரணுமில்லீங்களா” என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு மூட்டையில் உட்காருவான். பந்தம் பிடிக்கிறவனைக் குகைக்குள் முதலில் அனுப்புவார்கள். பொறி இருந்தால் அவன் காலில்தான் மாட்டும். ஆவணியில் ஒருவன் செத்தான், புரட்டாசியில் ஒருவன், ஐப்பசியில் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு இன்னொருவன். ஒவ்வொரு முறையும் அத்தை மகன், “அடுத்தவனை எழுதிக்கடா, நேரமாவுது” என்பான். பெயிண்டர் எழுதிக்கொள்வான். மூன்று பேர் செத்த தேதியையும் நான் நோட்டில் குறித்தேன். புது அரசனை அவன் ‘அரசே’ என்று அழைத்தான், ‘உத்தரவுங்க’ என்றான். அவன் வாயில் அது ஆட்டம் மாதிரியே இல்லை. ஆட்டத்துக்கு வெளியிலும் அவன் அப்படித்தான் பேச வேண்டியிருந்தது.

கார்த்திகையில் பதில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணித் தபாலில். பழுப்பு உறை, உள்ளே ஒரே தாள், பாதிப் பக்கம். இவ்வளவு தூரத்தில் தங்கள் விளையாட்டை ஆடுகிறார்கள் என்பதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். திருத்தங்கள் இனி ஆடும் ஆட்டத்துக்கு மட்டும். உங்கள் மேசையில் நடந்தது நடந்ததுதான், உயிரோடு இருக்கும் வீரனை எந்தத் திருத்தமும் சாகடிக்காது. கடைசி வரி: உங்கள் அரசருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரண்டு முறை படித்தேன். பெறுகைத் தேதியை மேல் மூலையில் எழுதினேன். என் முன்னால் இருந்த கஷ்டம் இது. அதற்குள் நான் இரண்டு வருஷத்து நோட்டுகளைத் திருத்தி முடித்திருந்தேன். அரசன் செய்த ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘செல்லாது’ என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்டிருந்தேன். அறுபதுக்கு மேல் பக்கங்கள். அவ்வளவு சுத்தமான வேலையை நான் ஆபீசுக்குக்கூடச் செய்ததில்லை. அதையெல்லாம் மறுபடி அடிக்க வேண்டும். கோபுரமும் இருந்தது. அதை அரசனே எனக்காக வரைந்துதான் கொண்டுவந்தான் என்பதையும், இனி அதை அவன் கையால் வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. அவன் சைக்கிளை நிறுத்தினான்.

“பதில் வந்துச்சுங்களா?”

“இல்லை.”

“ரொம்ப நாளாச்சுங்களே.”

“அவர்களுக்கு ஆயிரம் வேலை” என்றேன்.

அன்றைய பக்கத்தில், வழக்கமாக எழுதும் இடத்தில், ‘பதில் வரவில்லை’ என்று எழுதினேன். என் நோட்டுகள் எல்லாவற்றிலும் பொய்யான பதிவு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த ஞாயிறும் அதையே எழுதினேன். அதற்கடுத்தும். தைப் பொங்கலுக்கு முந்திய ஞாயிறு அவன் கேட்கவில்லை. அன்றைக்கு நான்காவது பந்தக்காரன் குழியில் விழுந்தான். “அடுத்தவனை எழுதிக்கடா” என்றான் அத்தை மகன். பெயிண்டர் பென்சிலைக் கீழே வைத்தான்.

“பட்டறையில வேல கெடக்குதுங்க சாமி. வாரேனுங்க” என்றான்.

வாரேன் என்று போனவன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து டீ வந்தபோது கண்டக்டர், “அவன் டம்ளரு சும்மாதான தொங்குது, எடுத்துக் கோழிக்குத் தண்ணி வைய்யி” என்று வேலைக்காரியிடம் சொன்னான். ஆட்டம் அந்தச் சித்திரை வரை நடந்தது. பந்தம் பிடிக்க ஆள் இல்லாததால் குகைக்குள் யார் முதலில் போவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை வந்தது. பிறகு கண்டக்டருக்குக் கல்யாணம் ஆயிற்று.

1989-இல், புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, சேலம் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். மேச்சேரிப் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னான். காதோரம் நரைத்திருந்தது. என் மாற்றல்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் விசாரித்தான். என் பஸ் கிளம்பத் தயாரானபோது, கேட்கலாமா வேண்டாமா என்பது போல் ஒரு நிமிஷம் நின்றான்.

“அந்தக் கடுதாசிக்கு அப்புறமாச்சும் பதில் ஏதாச்சும் வந்துச்சுங்களா?”

கடிதம் அப்போது என் வீட்டு டிரங்குப் பெட்டியில், அந்த வருஷத்து நோட்டுக்குள் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷம் ஆகிவிட்டது, கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை, கொட்டகையில் இப்போது தீவனம் அரைக்கும் மெஷின் ஓடுகிறது. சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பிறகு, கார்த்திகையிலிருந்து மார்கழி வரை அவன் கேட்ட ஞாயிறுகளை நினைத்தேன். தேதி வாரியாக எனக்குத் தெரியும். பதிலைச் சொன்னால் வந்த தேதியையும் கேட்பான்.

“வரவே இல்லை” என்றேன்.

“நம்ம கடுதாசியெல்லாம் அவங்க எங்கீங்க பாக்கப் போறாங்க” என்றான். “ஆனா நீங்க எனக்காவ எழுதிப் போட்டீங்களே, அது போதுமுங்க.”

கும்பிட்டான். சிலந்திக் கிணற்றிலிருந்து எழுந்த அன்றைக்குக் கும்பிட்ட மாதிரியே. பஸ் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து அன்றைய தேதியைப் போட்டு, அதன் கீழே, ‘பதில் வரவில்லை’ என்று எழுதினேன்.